பக்குரங்கா கராஜில் லக்சம்பேர்க்

1

நேற்றுப் பின்னேரம் ஒக்லாந்தில், பக்குரங்கா பிளாசாவில் கமலா ஆன்ட்டியைக் கண்டேன். மருந்துக் கடையில் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். காயத்துக்கு அல்ல, விளக்குத் திரிக்கு. இந்த ஊரில் திரி மருந்துக் கடையில்தான் கிடைக்கும். "தீபாவளி வருதுலா மாலதி. இந்த வருஷம் நீ மட்டும் ஒண்ணும் ஏற்பாடு பண்ணாதே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். என் பக்கத்தில் நின்ற அக்கா, கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இனி எழுதலாம். ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் கேட்பது குளிர் எப்படி, ஆட்டிறைச்சி மலிவா, தமிழ்ச் சனம் இருக்கிறதா என்றுதான். லக்சம்பேர்க்கைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். மற்றக் கேள்விகளுக்கும் இதற்குள்ளேயே பதில் வரும்.

2

எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அக்காவும் அத்தானும் இங்கே முதலில் வந்தார்கள். அடுத்த வருஷம் நான் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்து சேர்ந்தேன். காலையில் ஒக்லாந்துத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஏற்றுமதிப் பட்டர், ஆட்டிறைச்சி, திரும்பவும் பட்டர். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எந்தத் துறைமுகத்துக்கு என்று அடித்து அடித்து, ஐரோப்பாவின் துறைமுகங்கள் எல்லாம் என் விரல்களுக்கு மனப்பாடம். பின்னேரம் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் வகுப்பு. சிறிய நாடுகளின் வெளிநாட்டுக் கொள்கை என்பது பாடம்.

விரிவுரையாளரின் பெயர் கிரஹாம். அவரை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் முதல் நாள் "சேர்" என்றேன். மனிதர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சேர் என்றால் அவருக்குக் கூச்சம். முடிவில் அவரை எந்தப் பெயராலும் கூப்பிடாமல் கையை மட்டும் உயர்த்துவது என்று நானே ஒரு உடன்படிக்கைக்கு வந்தேன்.

விசா நீடிப்புக்குப் போகிற நாட்களில் அத்தான் கார்க் கதவைத் திறக்குமுன் ஒரு முறை புத்தி சொல்வார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல், சிரி, ஒவ்வொரு பேப்பரிலும் இரண்டு பிரதி வைத்திரு, அரசியல் கதைக்காதே. ஒரு தடவை அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், கணக்கியல் படித்தால் வேலை கிடைக்குமே, இதை ஏன் படிக்கிறாய் என்று கேட்டுவிட்டாள். கேட்டதற்குத்தானே பதில் சொல்லலாம். சொன்னேன். வகுப்பில் எனக்கு விழுந்த லக்சம்பேர்க்கைப் பற்றிச் சொல்லி முடிக்குமுன் எனக்குப் பின்னால் வரிசை கதவுவரை நீண்டது. வெளியே அத்தான், என்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். அந்தப் பெண் முத்திரையைக் குத்திவிட்டு, லக்சம்பேர்க்கில் கடல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பாவம் என்றாள்.

3

அந்த வகுப்பில் ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். எல்லாருக்கும் சுவீடனும் சுவிற்சர்லாந்தும் வேண்டும். எனக்கு விழுந்தது லக்சம்பேர்க். வகுப்பே சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. ரோசத்தில் வாசிக்கத் தொடங்கி, ஒரே மாதத்தில் அந்த நாட்டின் மேல் காதலாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

ஒக்லாந்து நகரத்தில் இருக்கிற அளவு சனம்கூட அந்த முழு நாட்டிலும் இல்லை. ஒரு பக்கம் ஜேர்மனி, ஒரு பக்கம் பிரான்ஸ், மற்றப் பக்கம் பெல்ஜியம். போன நூற்றாண்டில் பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து, நீ நடுநிலை, உன்னை ஒருவரும் தொடமாட்டோம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தன. பிறகு இரண்டு உலகப்போரிலும் ஜேர்மன் படை அந்தக் கையெழுத்தின் மேலாலேயே நடந்து போனது. இரண்டாவது தரத்துக்குப் பிறகு அந்தச் சின்ன நாடு தன் கொள்கையை அடியோடு மாற்றியது. ஒதுங்கி இருந்தால் தப்பலாம் என்ற எண்ணத்தை விட்டது. எங்கே மேசை போட்டாலும் அங்கே ஒரு கதிரை நமக்கு வேண்டும், நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி முடிவெடுக்க விடக்கூடாது என்று வைத்துக்கொண்டது. பக்கத்து நாடுகளோடு ஒரே சந்தை, ராணுவக் கூட்டணி, நிலக்கரியும் உருக்கும், ஐரோப்பியச் சமூகம் என்று ஒன்றையும் விடவில்லை. முடிந்தால் மேசையையே தன் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிடும். பலத்தால் தீர்க்கிற உலகத்தில் சின்னவனுக்கு இடமில்லை, விதியால் தீர்க்கிற உலகத்தில் இடமுண்டு. அவர்களுடைய வெளிநாட்டுக் கொள்கையின் சாரம் இதுதான் என்று என் கட்டுரையில் எழுதினேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

வகுப்பில் மற்றவர்களுக்கு விளங்காத ஒன்று எனக்கு முதல் நாளே விளங்கியது. அங்கே ஒரே ஆள் காலையில் ஜேர்மன் மொழியில் பத்திரிகை வாசிப்பார், வேலைக்குப் போய்க் கந்தோரில் பிரெஞ்சில் சட்டம் எழுதுவார், வீட்டுக்கு வந்து சொந்த மொழியில் பெண்சாதியோடு சண்டை பிடிப்பார். இது எப்படிச் சாத்தியம் என்று வகுப்பில் கேட்டார்கள். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், பஸ்ஸில் சிங்களம், கதவைத் திறந்தால் தமிழ். எந்த வாசலில் எந்த மொழி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மொழியைத் தவறான இடத்தில் பேசினால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதை நான் வகுப்பில் சொல்லவில்லை.

பட்டருக்கு வருகிறேன். இந்த நாடு பிரித்தானியாவுக்கு எவ்வளவு பட்டர் அனுப்பலாம் என்பதை ஐரோப்பியச் சமூகம்தான் நிர்ணயிக்கும். அந்தச் சமூகத்தின் தலைமைக் கதிரை முறைவைத்துச் சுற்றும். எண்பத்தைந்தின் பிற்பாதி லக்சம்பேர்க்கின் முறை. யோசித்துப் பாருங்கள். காலையில் நான் தட்டச்சு செய்கிற பட்டர் எவ்வளவு போகலாம் என்று பேசுகிற மேசைக்கு, பின்னேரம் நான் படிக்கிற நாடு தலைமை. அந்த மாதங்களில் நான் பஸ்ஸில் இருந்து இறங்கவேண்டிய இடத்தை எத்தனையோ தரம் விட்டிருக்கிறேன்.

சின்ன நாடு தலைமை தாங்கும்போது கையாளுகிற ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நாட்டையும் தனியே சந்தித்து, வெளியே சொல்வது இருக்கட்டும், உண்மையில் எதுவரை இறங்குவாய் என்று கேட்பது. பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் மாதிரி. கேட்டது வெளியே போகாது. சின்னவனுக்கு யாரும் பயப்படுவதில்லை, அதனால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கொன்வென்ற்றில் படித்த எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

4

இங்கே நமக்குக் கோயில் இல்லை. பக்குரங்காவில் பரமசிவம் அங்கிளின் கராஜ்தான் கோயில். அங்கிளும் கமலா ஆன்ட்டியும் ஈப்போக்காரர்கள், மலேசியாவிலிருந்து எங்களுக்கு வெகு முந்தி வந்தவர்கள். வெள்ளிக்கிழமைகளில் அங்கிள் காரை வெளியே எடுத்து வீதியில் விட்டு, கராஜில் பாய் விரித்து, முருகன் படத்துக்கு மாலை போட்டு ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிடுவார். பாடுவது சரசக்கா. அவர் எங்கள் ஆள், எங்களைப் போலக் கொழும்பிலிருந்து வந்தவர். மகளின் படிப்புக்காக நகரத்துக்குக் கிட்ட, எப்சத்தில் வீடு எடுத்திருக்கிறார். கொழும்பில் அந்த ஆடியில் தன் ஒரே தம்பியைப் பறிகொடுத்தவர். கராஜில் தேவாரம் பாடும்போது தவிர மற்ற நேரத்தில் அவருடைய குரலைக் கேட்பது அரிது.

மலேசியாவில் தீபாவளி என்றால் வீட்டைத் திறந்து விடுவார்கள். அயலவர், கந்தோர்க்காரர், அறிந்தவர், அறியாதவர் யாரும் வரலாம், ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுப் போகலாம். வராமல் விடுவதுதான் குற்றம். எங்கள் ஆட்களுக்கோ, செத்த வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம் இல்லை. எண்பத்திமூன்றுக்குப் பிறகு நாங்கள் எல்லாருமே செத்த வீட்டுக்காரர்தான். எண்பத்திநான்கு தீபாவளிக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை. அங்கிளுக்கு மனம் விட்டுப்போனது. வீட்டுக்கு வராதவர்களுக்குக் கராஜ் மட்டும் எதற்கு என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது எப்சம்வரை போய்விட்டது.

எண்பத்தைந்தில், தீபாவளிக்குச் சில வாரம் இருக்கையில், பூசை முடிந்ததும் அங்கிள் எழுந்து எல்லாரும் வந்துவிட வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் அத்தான் எழுந்தார். "நாங்கள் இந்த முறையும் கொண்டாடேல்லை, குறை நினைக்கவேண்டாம்" என்றார். அங்கிள் ஆர்மோனியத்தை மூடினார். மெதுவாகத்தான் மூடினார், ஆனால் அன்று வழக்கமாகக் கொடுக்கிற கோப்பியை யாரும் குடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அத்தான் சொன்னார், எப்சத்தில் எங்கள் ஆட்கள் வாடகைக்கு ஒரு மண்டபம், ஹோல், பார்த்திருக்கிறார்களாம், இனி வெள்ளிக்கிழமையை அங்கேயே வைக்கலாமாம். பின் சீட்டில் இருந்த அக்காவின் மகள் அபிராமி, அப்போ அங்கிளின் பிள்ளைகளோடு விளையாட முடியாதா என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தி அப்போதே நெடுநாள். அவளுக்குத் தமிழில் தெரிந்த பாட்டு எல்லாம் கராஜில் கேட்டதுதான்.

எனக்கு அந்த இரவு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்படியே விட்டால் எப்சத்தில் குரல் இருக்கும், பக்குரங்காவில் ஆர்மோனியம் இருக்கும், வெள்ளிக்கிழமை எங்கேயும் இருக்காது.

5

அந்த வருஷம் எங்கட நாட்டுப் பிரச்சினைக்கும் ஒரு சின்ன மலைநாட்டின் தலைநகரில் மேசை போட்டுப் பேசி, பேச்சு முறிந்திருந்தது. பெரிய மேசைகளில் என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கராஜ் என் அளவு என்று நினைத்தேன். நான் எந்தப் பக்கத்துக்கும் பயம் தராத ஆள், மணமாகாத பெட்டை, எல்லா வீட்டுக் குசினிக்குள்ளும் அடுப்படிவரை போய்வருகிறவள். தலைமைக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

முதலில் பக்குரங்கா. அங்கிள் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தி, "என்னா மினிஸ்டர், லக்சம்பேர்க் என்ன சொல்லுது?" என்றார். தீபாவளி பற்றி எதுவும் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடி இயந்திரத்தை இழுத்தார். உண்மை குசினியில், கமலா ஆன்ட்டியிடம் கிடைத்தது. போன வருஷம் தீபாவளியன்று பின்னேரம் சரசக்காவின் கார் வாசல்வரை வந்ததாம். கூரையில் கலர் லைட், உள்ளே பாட்டு. கார் கொஞ்ச நேரம் நின்று திரும்பிப் போனதை ஆன்ட்டி ஜன்னலால் பார்த்தாராம். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லையாம்.

"இந்த வருஷம் நாங்க செய்யலம்மா. லைட் வேணாம், கறி வேணாம். நான் வெள்ளப் பொடவ கட்டிக்குவேன், சாமி மட்டும் கும்பிடுவோம். அங்கிளும் சரின்னுட்டாரு. நீ போய் அவங்ககிட்ட சொல்லாதே. நமக்காக விட்டுட்டாங்களேன்னு அவங்களுக்குச் சங்கடமா போயிடும்."

சொல்லமாட்டேன் என்றேன்.

பிறகு பஸ் ஏறி எப்சம். சரசக்கா தேத்தண்ணி வைத்தார். நான் அந்தப் பாவசங்கீர்த்தன முறையின்படி காத்திருந்தேன். கடைசியில் அவரே தொடங்கினார். ஒரு சூட்கேசோடு வந்திறங்கின நாளில் போர்வை தந்தது, சட்டி பானை தந்தது எல்லாம் அந்தச் சனம்தான், அவர்களுடைய நல்ல நாளில் எத்தனை வருஷம் தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது என்றார்.

"நான் வாறன் பிள்ளை. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பலகாரமும் சுட்டுக்கொண்டுதான் வாறன். மற்றாக்களையும் கூட்டிக்கொண்டு வாறன். ஆனா நீ அங்க போய்ச் சொல்லிப் போடாதை. பிறகு என்னை ஒரு பெரிய ஆளாக்கி வாசலில நிண்டு வரவேற்பினம். எனக்குத் தாங்காது."

சொல்லமாட்டேன் என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என்ன நினைத்தேன் தெரியுமா? இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கத் தயார், எனவே வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு எழுந்து, தீபாவளியன்று பின்னேரம் எல்லாரும் இங்கே கூடுவோம், எப்படி வருவது என்பது அவரவர் விருப்பம் என்று அறிவித்தேன். அந்த வாக்கியத்தில் யாரையும் நோகடிக்கிற ஒரு சொல் இல்லை என்று எனக்குப் பெருமை. கமலா ஆன்ட்டி எனக்குக் கண்ணால் ஒரு சிரிப்புக் காட்டினார். சரசக்காவும் காட்டினார்.

6

தீபாவளியன்று பின்னேரம் எங்கள் காருக்குள் இருக்க இடமில்லை. பட்டுச் சேலைகள், முறுக்கு, வடை, பயற்றம் பணியாரம். சரசக்கா சொன்னபடி எல்லாரையும் கிளப்பிவிட்டிருந்தார். அத்தான்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பட்டு வேட்டி கட்டியிருந்தார். நவம்பர் மாதம் இங்கே வசந்தம், சூரியன் இறங்கவே மனமில்லாமல் நிற்கும். அந்த வெளிச்சத்தில் ஒன்றையும் ஒளிக்க முடியாது.

அங்கிள் வீட்டுக் கூரையில் லைட் இல்லை. கோலம் இல்லை. ஆட்டிறைச்சி காய்ச்சுகிற பெரிய சட்டி, கழுவிக் கவிழ்த்தபடி வெளியே கிடந்தது. கராஜ் வாசலில் அங்கிளும் ஆன்ட்டியும் அவர்களுடைய ஆட்களும் வெள்ளை உடுத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நாங்கள் ஒவ்வொரு காராகத் திறந்து நீலமும் அரக்கும் பச்சையுமாக இறங்கினோம். அங்கிள் எங்களைப் பார்த்தார். எங்களை விட்டு என்னைப் பார்த்தார். இப்போது நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று பட்டது. ஒவ்வொருவரும், தங்களைக் கேலி செய்யத்தான் மற்றவர்கள் இப்படி வந்திருக்கிறார்கள் என்று நினைக்க ஒரு கணம் போதும். பிரிந்துபோக நினைத்தால், எப்சத்து ஹோல் எங்கேயும் ஓடிவிடவில்லை.

அபிராமி இங்கிலீஷில், இது சந்தோஷமா துக்கமா என்று கேட்டாள்.

சரசக்கா முன்னால் போனார். கையில் இருந்த தட்டை இறக்காமலே ஆன்ட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன இது வெள்ளை? உங்கட வீட்டில ஆர் செத்தது?"

ஆன்ட்டி குனிந்து தன் புடவையைப் பார்த்தார். "உங்க தம்பிதாங்க" என்றார்.

வீதியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரவி" என்றார் சரசக்கா. "அவன்ர பேர் ரவி."

இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே பாயில் இருந்தவர்கள். அந்தப் பெயரை ஆன்ட்டி அன்றுதான் முதல் தரம் கேட்கிறார். அவர் சரசக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் போய்ப் புடவையை மாற்றிவிட்டு வருகிறேன், நல்ல நாளில் உங்களை இப்படியா வரவேற்பது என்றார்.

"வேண்டாம். நீங்கள் இப்பிடியே இருங்கோ. இண்டைக்கு அவனுக்காக நீங்கள் வெள்ளையோட இருக்கிறியள், நான் பட்டோட இருக்கிறன்."

அப்படியே இருந்தார்கள், பாதிப் பேர் வெள்ளையிலும் பாதிப் பேர் பட்டிலும். செத்த வீட்டுச் சாப்பாடு மாதிரி ஆன்ட்டி சோறும் சாம்பாரும் மட்டும்தான் வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் எங்கள் பலகாரம் எல்லாம் பரந்தது. சரசக்கா பாடினார். பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் குரல் நின்றுபோனது. ஆர்மோனியம் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு பாட்டு மறுபடி போனது. அங்கிள் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை.

சாப்பாட்டின்போது அவர் என் பக்கமாக வந்து உட்கார்ந்தார். கந்தோர்க்காரர்களையும் அயலவர்களையும் இந்த வருஷம் வரவேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன கதையைச் சொன்னார். முறுக்கை ஒடித்துப் பாதியை என் தட்டில் வைத்தார்.

"ரெண்டு நாட்டையும் ஒரே நாள்ல சரணடைய வச்ச தூதர் உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா" என்றார்.

அத்தான் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரைக்கேறியது. அங்கிள் எழுந்து போய் அவர் தலையில் தட்டிவிட்டார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி அதுவரை பல வாரம் ஆகியிருந்தது.

7

இந்தக் கதையை நான் கிரஹாமிடம் சொன்னேன். தனித்தனியே கேட்பது பாதி வேலைதான், கேட்டதை எல்லாம் வைத்துத் தலைவர் ஒரு வரைவு எழுதி எல்லாருக்கும் முன்னால் வைக்கவேண்டும், அதுதானே மீதி என்றார். அந்தப் படி எனக்குத் தெரியாமல் இல்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். ஆனால் வரைவை வைத்திருந்தால் நடந்திருக்கக்கூடியது என்ன? பாதி லைட், பாதிக் கறி, யாரும் நோகாத ஒரு பின்னேரம். அந்தப் பெயர் வெளியே வந்திருக்குமா? இதை அவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அதற்குப் பாடத்தில் இடமில்லை என்றார். நல்ல மனிதர்.

ஒதுங்கியிருந்து தப்பப் பார்த்த நாட்டை இரண்டு தரமும் மிதித்துக்கொண்டு போனார்கள். எங்கள் துக்கத்தையும் நாங்கள் அப்படித்தான் ஒரு நடுநிலை நாடாக வைத்திருந்தோமோ என்று சில வேளை நினைக்கிறேன். எல்லையில் பலகை நட்டு, யாரும் உள்ளே வரக்கூடாது, நாங்களும் வெளியே வரமாட்டோம் என்று.

தீபாவளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கராஜுக்குப் போனேன். அக்கா வீட்டார் எனக்கு முந்திப் போயிருந்தார்கள், நான் வேலையிலிருந்து நேரே பஸ்ஸில் வந்தேன். வாசலில் செருப்பெல்லாம் கிடந்தன, உள்ளே கடைசிப் பாட்டின் கடைசி அடி. அரை மணித்தியாலம் முந்தியே தொடங்கிவிட்டார்களாம். சரசக்காவின் மகளுக்குப் பரீட்சை, நேரத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும். நேரம் மாறினதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்கேன் பிள்ளை? நானும் கமலாவும் ரெலிபோனில கதைச்சிட்டம்" என்றார் சரசக்கா.

கமலா. ஆன்ட்டி இல்லை, அக்கா இல்லை, வெறும் கமலா. நான் பின்னால் போய், புல் வெட்டுகிற இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் எனக்கென்று விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.